பாட்டில் வந்த பதில்

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோய் இரண்டு வருஷமாகியிருந்தது கஜபதிக்கு. வாயைத் திறந்தால் குழறலைத் தவிர ஒன்றும் வராது. அன்று காலை ஆயா சாராள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிய பாட்டொன்றை முணுமுணுத்தாள். அவர் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததோடு நிற்கவில்லை. "சுடுது, தண்ணி சுடுது" என்று அதே மெட்டில் தெளிவாகப் பாடினார்.

சாராள் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் சூடாகத்தான் இருந்தது.

கீழ்மணலூர் பேரூராட்சி நடத்திய முதியோர் இல்லம் அது. பழைய பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடம், பதினான்கு கட்டில்கள். கஜபதி பட்டாபிராமில் ரயில்வே கேட்மேனாக இருந்தவர், மார்கழி மாத பஜனைகளில் முன்னால் நின்று பாடியவர். பெண்டாட்டி பார்வதம் போய்ச் சேர்ந்தபின், பிள்ளை இல்லாத அவரை அண்ணன் மகன் மதுரைவீரன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அன்றிலிருந்து சாராள் அவரிடம் எதையும் பாடித்தான் கேட்டாள். "இன்னா வோணும் நைனா" என்று இழுப்பாள். அவர் கண்ணை மூடிக் கொஞ்சம் தேடுவார். பிறகு "மோரு" என்றோ "காலு மரத்துப்போச்சி" என்றோ பாட்டாகவே பதில் வரும். மெட்டை நிறுத்திவிட்டால் வார்த்தையும் நின்றுவிடும். ஒருநாள் யாரும் கேட்காமலே "பார்வதம், பார்வதம்" என்று பாடிவிட்டு அழுதார். "காலங்காத்தால கச்சேரியா" என்று திட்டிக்கொண்டிருந்த பக்கத்து அறை நாகம்மாகூட அன்று வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூற்று மூன்று கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தது. இல்லத்துக்கு லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சமையல்காரர் பால்ராஜ்தான் அதைக் கொண்டுவந்தார்.

"நெனவு தப்பினவங்கள எல்லாம் பட்டணத்துல எங்கியோ கொண்டுபோய் தள்ளப் போறாங்களாம். ஆபீசர் வந்து ஒவ்வொருத்தரா பாத்து எழுதப் போறாரு."

"எங்க நைனாவுக்கு நெனவு நல்லா கீது," என்றாள் சாராள்.

அந்த வாரமே செயல் அலுவலர் ரகுநாதன் வந்தார். கடுமையான மனிதர் இல்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று வணக்கம் சொன்னார். கஜபதியின் அட்டையில் 'பேச்சு இல்லை, நினைவு இல்லை' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"சார், அது தப்பு. கொஞ்சம் நில்லுங்க," என்று சாராள் வழிமறித்தாள். கஜபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு இன்னா, ஊரு இன்னா" என்று பாடினாள்.

அவர் கண்ணை மூடினார். "கஜபதி என் பேரு, பட்டாபிராம் என் ஊரு, கேட்டு மூடுவேன், கேட்டு தெறப்பேன்" என்று பாடினார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அட்டையை வாங்கி, பழைய வரியை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். சாராளுக்கு மனசு குளிர்ந்தது.

நான்கு நாள் கழித்து உத்தரவு வந்தது. உறவுக்காரர் உள்ளவர்களில், பேச்சும் நினைவும் உள்ளவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஐந்து பெயர்களில் கஜபதி பெயர் மூன்றாவது.

சாராள் பேரூராட்சி அலுவலகத்துக்கு ரகுநாதனைப் பார்க்க ஓடினாள். "அவருக்கு பாடத்தான் சார் வரும். தாகம்னுகூட சொல்ல வராது."

"பாட்டுல வார்த்தை வருதேம்மா. நானே கேட்டேனே."

"நான் பாடினாத்தான் வரும் சார்."

"வீட்டில இருக்கிறவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. பேச்சே இல்லாம, நாதியில்லாம படுத்துக் கிடக்கிறவங்க ஒன்பது பேர். அவங்கள எங்க அனுப்பறது, நீங்களே சொல்லுங்க."

சாராள் இல்லத்துக்குத் திரும்பி, அவர் துணிகளை மடித்து வைத்தாள்.

மதுரைவீரன் சென்னீர்குப்பத்திலிருந்து ஆட்டோவில் வந்து சித்தப்பாவை அழைத்துப்போனான். சாராள் ஒவ்வொரு மெட்டாகப் பாடிக் காட்டினாள். அவன் கூச்சத்தோடு தலையாட்டினான்.

மூன்று வாரம் கழித்துதான் அவளுக்கு லீவு கிடைத்தது. நெடுஞ்சாலையை ஒட்டி, டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது வீடு. ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பில் கஜபதியைப் படுக்கப் போட்டிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஆரம்பத்துல ஓயாம ராகம் போட்டுகினே இருந்தாரு," என்றாள் மதுரைவீரன் மனைவி புஷ்பா. "பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. நைட் ஷிப்ட் முடிச்சி வந்து தூங்கறவங்க. ஊட்ட காலி பண்ணுன்னு ஓனரும் சொல்லிட்டாரு. அதட்டி அதட்டி இப்பதான் அடங்கிக்கீறாரு. நான் இன்னாக்கா பண்றது?"

சாராள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், "இன்னா வோணும் நைனா" என்று பாடினாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். உதடு அசைந்தது. உடனே பார்வை வாசற்படியில் நின்ற புஷ்பாவிடம் போனது. உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். சாராள் மறுபடி பாடினாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மூன்று டம்ளர் குடித்தார்.

ஆகஸ்டில் கஜபதி செத்துப்போனார். அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்து, இல்லத்து ரேஷன் அட்டையில் பெயரை நீக்க வந்த மதுரைவீரன் சொல்லித்தான் சாராளுக்குத் தெரிந்தது.

அவள் நேரே ரகுநாதன் அறைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் உட்காரச் சொன்னார்.

"நான் அன்னிக்கி அவர பாட வெச்சிருக்கக் கூடாது சார்," என்றாள்.

ரகுநாதன் மணியடித்து டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை. வீட்டு வரி கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.