தொப்பி துவைக்கும் நாள்

நண்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நெல்டா வீட்டுக்கு வந்தபோது காற்று நின்றிருந்தது. சிலியின் தென்கோடியில் இருக்கிற புந்தா அரேனாஸில் காற்று நிற்பது முதலில் காதுக்குத்தான் தெரியும். தகரக் கூரைகள் வாயை மூடிக்கொண்டன. ஊரை ஒட்டிய நீரிணை கழுவிக் கவிழ்த்த தட்டுபோலக் கிடந்தது. அங்கே வசந்தம் அக்டோபரில்; அப்போது இப்படியொரு காலை வந்தால் அவர்கள் தெருவே ஒரே காரியத்தைத்தான் செய்யும். குளிர்காலம் முழுக்கத் தலையில் ஊறிய கம்பளித் தொப்பிகளைத் துவைத்து வேலியில் போடும். அவை காயும்வரை ஆண்கள் வெறுந்தலையோடு திரிவார்கள். காற்றில்லாத நாளில் கம்பளி லேசில் காயாது.

அவள் புருஷன் ரோசமேல் தொப்பியைத் தானாகக் கொடுத்ததே இல்லை. ஆட்டுப்பண்ணைகளில் வேலிக்கம்பி இழுப்பவன் அவன். கல்யாணமான வருடத்திலிருந்து, வாசலில் மறித்து அதைப் பிடுங்குவது நெல்டாதான். "நாறுது, குடு. மண்டைல கொஞ்சம் வெயில் படட்டும்." அந்த வெயிலில் சூடே இருக்காது. சுடாத வெயில் என்ன செய்துவிடும்? அவன் காதுக்குப் பின்னால் தோல் உரிந்தபோது காற்று அறுத்துவிட்டது என்று ஆட்டுக் கொழுப்பைத் தடவினாள். பிறகு அதே இடத்தில் கறுப்பாகப் புள்ளி வந்தது. அதற்கும் கொழுப்பையே தடவினாள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், வடக்கிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர், அது தோல் புற்றுநோய், நுரையீரலுக்குப் போய்விட்டது என்றாள். சொன்ன பிறகும் இவர்கள் எழுந்து போகாததால், கையை ஒவ்வொரு படியாக உயர்த்திக் காட்டினாள். கீழே மேகமும் மழையும் இருக்கிற அடுக்கு. அதற்கு மேலே ஓசோன் இருக்கிற அடுக்கு. வெயிலின் விஷத்தை வடிகட்டுவது அதுதான். வசந்தத்தில் உங்கள் ஊருக்கு மேலே அது மெலிந்துபோகிறது. அதற்கும் மேலே, வானத்திலிருந்து விழுகிற கற்களை எரித்துவிடும் அடுக்கு.

"அந்தக் கல்லு டிபார்ட்மென்ட் ஒழுங்கா வேலை பாக்குது டாக்டரம்மா," என்றான் ரோசமேல். "இதுவரைக்கும் ஒண்ணுகூட என் மண்டைல விழல."

அவள் சிரிக்கவில்லை. வசந்தத்தில் தொப்பி போடுவதுண்டா என்று கேட்டாள்.

ரோசமேல் நெல்டாவைப் பார்க்காமல், "மறந்துடுவேன்," என்றான்.

அந்த ஒரு சொல்லை அவளால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

இப்போது அவன் வீட்டுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தான். இரண்டு ஸ்வெட்டர், கழுத்துத் துணி, தொப்பி. பக்கத்து வீட்டு ட்ராகோ தன் தொப்பியைப் பிழிந்து வேலியில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வழுக்கை மின்னியது.

"கிழவா, ரேடியோல சொன்னான், கேட்டியா? மேல ஓசோன்ல இருக்கற ஓட்டை மூடிக்கிட்டு வருதாம். இன்னும் நாப்பது வருஷத்துல சரியாயிடுமாம்."

"சரி, அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

ட்ராகோ சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

"கிழவி, இன்னிக்குக் காத்து இல்ல," என்றான் ரோசமேல்.

"தெரியுது."

"தொப்பி நாறுது."

"நாறட்டும்."

"இனிமே என்ன ஆயிடப் போகுது? எடு."

அவன் தலையை முன்னால் சாய்த்துக் கொடுத்தான். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தானாகவே. அவள் எடுத்தாள். தலை அவள் நினைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. காதுக்குப் பின்னால், அந்தப் புள்ளியை வெட்டித் தைத்த இடத்தில் வெயில் விழுந்தது. சூடே இல்லாத, நல்ல வெயில். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நெல்டா துவைக்கப் போகவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவனுக்கும் வெயிலுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் நிழல் அவன் காதிலும் கழுத்திலும் விழுந்தது. இரவெல்லாம் நின்ற கால்கள் கடுத்தன.

"மறைக்காத," என்றான், கண்ணைத் திறக்காமல்.

அவள் நகரவில்லை. சூரியன்தான் நகர்ந்தது. நிழல் அவன் காதை விட்டு இறங்கி, தோளிலிருந்து சரிந்து, வேலியில் ட்ராகோவின் தொப்பி சொட்டிக்கொண்டிருந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.