துரைக்குச் சுகர்

அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நிர்மலா பூனையைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவள் புருஷன் மாதவராஜுக்கும் வந்தது. ஆலை வேலையை விட்டுக் கூடப் போக முடியாமல் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏற்றிவிட வந்தவர், அவள் கையிலிருந்த மூடி போட்ட கூடையைப் பார்த்து, "சீர்த்தட்டுல இதையும் வெக்கப் போறியா?" என்று கேட்டார். அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

கூடைக்குள் இருந்தது துரை. பதிமூன்று வயதுக் கிழட்டுக் கடுவன் பூனை. அந்தப் பேரை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. நிர்மலாவும் மாதவராஜும் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர்கள். ஆலைக் கொட்டகையில் வெல்ல மூட்டைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே வேலை செய்கிறவர்களை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பூனையை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒரு காலத்தில் அந்தக் கொட்டகைப் பக்கம் எலி தலைவைத்துப் படுக்காது.

அப்பேர்ப்பட்ட துரை கொஞ்ச காலமாக உருக்குலைந்து போயிருந்தது. எந்நேரமும் தண்ணீர். வாளியில் குடிக்கும், மாட்டுத் தொட்டியில் குடிக்கும், தண்ணீர்ப் பானையடியில் சொட்டுவதையும் நக்கும். வைத்த சோற்றையெல்லாம் தின்றும் முதுகெலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. பின்னங்கால்களில் நுனிவிரல் ஊன்றாமல் குதிகாலைத் தரையில் பதித்து, சப்பணம் போட்டவன் நகர்வதுபோல நகர்ந்தது. மூட்டை மேல் ஏறுவதெல்லாம் பழங்கதை. மூட்டு வலியாக்கும் என்று நிர்மலா பழைய புடவையை நாலாக மடித்து அடுப்புச் சூடு படும் இடத்தில் படுக்கை போட்டாள். நடக்கிற தெம்பு வரட்டும் என்று பால்சோற்றை இன்னும் குழைத்து ஊட்டினாள். ஒன்றுக்கும் அசையவில்லை.

"வயசாயிப் போச்சுங்கக்கா. போறது நிம்மதியாப் போவட்டும் விடுங்க" என்றான் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளும் ராஜப்பன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனாலும் நிர்மலாவுக்கு அவனை அந்தச் சக்கையோடு சேர்த்து அடுப்பில் தள்ளலாமா என்றிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அரூரில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. அத்தைக்காரி போகாமல் இருக்க முடியுமா? இரண்டு நாள் வேலை. திரும்பி வரும்போது துரை இல்லாவிட்டால்? தன் மடியில் இல்லாமல், யாருமில்லாத மூலையில் அது போய்ச் சேர்ந்துவிட்டால்? அதைத்தான் அவளால் தாங்க முடியாது. அதனால்தான் கூடை.

அண்ணி பானுமதிக்குப் பூனை என்றாலே ஆகாது. ஆனாலும் நாத்தனாரை வாசலில் நிறுத்திவைத்துப் பேச முடியாதே. கொல்லைப்புறத்தில் ஒரு அன்னக்கூடையில் மணல் போட்டுக் கொடுத்து, "இதுக்கு அந்தாண்ட வரக்கூடாது" என்று எல்லை வகுத்துவிட்டாள். மறுநாள் காலை, பந்தலில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருக்க, நிர்மலா பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்து நிற்கும்போது, அண்ணி விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏன் நிர்மலா, உம் பூனைக்கு வெல்லத்தையா கரைச்சுக் குடுக்கற? அது ஒண்ணுக்குப் போன மண்ணுல எறும்பு சாரசாரையா வருது. கழுவிவிட்ட எடமெல்லாம் எறும்பு."

நிர்மலா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தாள். மதில் ஓட்டையிலிருந்து அன்னக்கூடை வரைக்கும் கறுப்பு நூல் இழுத்துவிட்டதுபோல எறும்பு.

"அண்ணி, எங்க துரைக்குச் சுகர்" என்று சொன்னாள். சொன்ன வேகத்தில் சிரித்தும்விட்டாள்.

மனுஷனுக்கு என்றால் சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய். ஆனால் அவள் வீட்டில் எறும்பு மொய்க்காத இடம் எது? கட்டில் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம், சோற்றுச் சட்டிக்கடியில் தண்ணீர்த் தட்டு, துவைத்த வேட்டியை உதறினால் நாலு எறும்பு. வெல்லம் காய்ச்சுகிற வீட்டில் எறும்பை எவள் உற்றுப் பார்ப்பாள்? நோய் கண்முன்னால் வரிசை கட்டி ஊர்ந்திருக்கிறது, இவள் தினமும் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிட, இது வெறும் கிழட்டுத்தனம் இல்லை, பேர் உள்ள ஒரு வியாதி, மருந்து இருக்கிற வியாதி என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பட்டுப்புடவையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். நல்ல நேரத்துக்குள் அத்தை வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்ணன் போன் மேல் போன். "வந்துர்றேண்ணா, வந்துர்றேன்" என்று சொல்லிச் சொல்லிக் கட் பண்ணினாள்.

அரூர் கால்நடை ஆஸ்பத்திரியில் மருத்துவர் கோகிலவாணி மாடு ஆடுகளுக்கு நடுவில் பட்டுப்புடவையைப் பார்த்துத் திகைத்துப் போனார். நிர்மலா எறும்புக் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள், அவர் துரையின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் மெஷினில் வைத்துவிட்டார். மெஷின் எண்ணே காட்டவில்லை. அளவு தாண்டிவிட்டதாம்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. குதிகால்ல நடக்கறதும் சுகராலதான், மூட்டு வலி இல்ல."

"பொழைச்சுக்குமாங்க?"

"தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடணும். பால்சோறு கூடவே கூடாது. முட்டை, கோழிக்கறி, உப்புப் போடாம. ஒழுங்காப் பாத்துக்கிட்டா இருக்கற காலத்தை வலியில்லாம ஓட்டும். சில பூனைக்கு ஊசியே தேவையில்லாமப் போறதும் உண்டு. ஆனா அதை நம்பிக்கிட்டு இருக்காதீங்க. திடீர்னு தள்ளாடினாலோ மயங்கினாலோ உடனே எனக்கு போன் பண்ணுங்க."

நிர்மலா நல்ல நேரம் முடிகிறதுக்குள் போய்ச் சேர்ந்து தண்ணீர் ஊற்றினாள். புடவையெல்லாம் பூனை முடி. அண்ணி, தான் சொல்லித்தான் வியாதியே தெரிந்தது என்று வந்த சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஊசியையும் டாக்டர் வாங்கச் சொன்ன சுகர் மெஷினையும் எடுத்து வைத்ததும் மாதவராஜ் ஆரம்பித்தார்.

"பூனைக்கு இன்சுலினா? வெளிய சொல்லிராத. ஊரே கை தட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ங்க. புடிங்க அதை."

துரை முட்டை தின்றுகொண்டிருந்தது. நிர்மலா ஊசியை எடுத்தாள். கிட்டே கொண்டுபோவாள், கண்ணை மூடுவாள், திரும்ப எடுத்துவிடுவாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மாதவராஜ், "கொண்டா இப்படி" என்று பிடுங்கினார். கொதிக்கிற பாகைக் கரண்டியில் எடுத்துப் பதம் பார்க்கிற கை அது, நடுங்கிப் பழக்கமில்லை. பிடரித் தோலைச் சிட்டிகையாகத் தூக்கினார், குத்தினார், எடுத்தார். துரை தலையைக்கூடத் தூக்கவில்லை, முட்டையிலேயே குறியாக இருந்தது.

"அவ்ளோதானா?" என்றார் மாதவராஜ். அவர் முகத்தில் வந்த பெருமையை நிர்மலா பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. காலையிலும் சாயங்காலமும் மனிதர் போனில் அலாரம் வைத்துக்கொண்டார். சந்தையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நேரம் வந்தால் வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மணல் தட்டின் விளிம்பு உயரம் என்று சொல்லி, பழைய தகரத்தை வெட்டித் தாழ்வாக ஒன்று செய்து போட்டார். மூட்டைப் பக்கம் சக்கைக் கட்டுகளைப் படி மாதிரி அடுக்கிவைத்தார். "நாய்க்கு வெச்சிருக்கறேன்" என்று ராஜப்பனிடம் சொன்னாராம். வீட்டில் நாயே கிடையாது.

துரை உடம்பு தேறியது. தண்ணீர்ப் பானையை மறந்தது. முதுகில் சதை பிடித்தது. ஒருநாள் அது நுனிவிரல் ஊன்றி, வாலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது நிர்மலா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். புருஷனும் பொண்டாட்டியும் கல்யாண ஊர்வலம் பார்க்கிறவர்கள்போல நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை வந்தது. கொப்பரையில் பாகு கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. மாதவராஜ் கரண்டியோடு நின்றார். நிர்மலா வீட்டுக்குள்ளிருந்து அலறினாள்.

துரை வாசல் நடையில் தள்ளாடி விழுந்து கிடந்தது. நாலு காலும் காற்றில் நீந்துவதுபோல அடித்தன. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. கோகிலவாணிக்குப் போன் போட்டு, வார்த்தை வராமல் உளறினாள்.

"சுகர் எறங்கிடுச்சும்மா. பதறாதீங்க. இனிப்பா ஏதாச்சும் எடுத்து ஈறுல தடவுங்க. சீக்கிரம்."

இனிப்பு. அந்த வீட்டில் இனிப்புக்கா பஞ்சம்? மாதவராஜ் கரண்டி நிறையப் பாகோடு ஓடிவந்துவிட்டார். ஆவி பறந்தது.

"கொதிக்கக் கொதிக்கவா வாயில தடவுவீங்க? தூரப் போடுங்க அதை" என்று நிர்மலா போட்ட சத்தத்தில் கரண்டி முற்றத்தில் போய் விழுந்தது. நேற்றுப் பிடித்த வெல்ல உருண்டையை உள்ளங்கையில் நொறுக்கி, துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, துரையின் உதட்டை ஒதுக்கி ஈறில் தேய்த்தாள். தேய்த்தாள், தேய்த்தாள். "துரை, ஏ துரை, இங்க பாரு, எங்கயும் போயிராத." மாதவராஜ் தரையில் மண்டியிட்டு அதன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். முதல்முறையாக அவர் கை நடுங்கியது.

கால் அடிப்பது குறைந்தது. நாக்கு நுனி வெளியே வந்து உதட்டை நக்கியது. பிறகு துரை தலையைத் தூக்கி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, எரிச்சலாக ஒரு கத்தல் கத்தியது. நிர்மலா அதை வாரி மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது. கொட்டகையில் ராஜப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பாகு தார்போலக் கறுத்துக் கிடந்தது. மாதவராஜ் பதம் சொல்லாமல் அங்கே யாரும் கொப்பரையைத் தொட மாட்டார்கள், அது அந்த ஆலையின் சட்டம்.

"நீங்க சொன்னாத்தானே எறக்கறதுங்க" என்றான் ராஜப்பன் அழாத குறையாக. ஒரு பிடி சக்கை ஈரமாக இருந்தாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மாதவராஜ் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"போவுது விடு. துரை எந்திரிச்சிருச்சு" என்றார்.

கோகிலவாணி மறுபடி அழைத்தார். "மருந்து அதே அளவுதான, வயிறாரத் தின்னுச்சுதான? அப்ப ஒண்ணு தோணுது. உடம்பே சுகரைச் சமாளிக்க ஆரம்பிச்சிருக்கலாம். சாயங்காலம் ஊசி வேண்டாம். காலையில மெஷின்ல பாத்துட்டு நம்பரைச் சொல்லுங்க."

அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் காது நுனியில் சொட்டு ரத்தம். மெஷின் யோசித்தது. நல்ல எண். அடுத்த நாளும் நல்ல எண். அந்த வாரம் முழுக்க ஊசி இல்லாமல் நல்ல எண்தான்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். "ஊசிய நிறுத்திருங்கம்மா" என்றார் கோகிலவாணி. "சாப்பாட்டுல மட்டும் கவனமா இருங்க. அப்பப்ப செக் பண்ணுங்க. கெழவன் கெட்டிக்காரன்."

நிர்மலா கையைக் கொட்டிச் சிரித்தாள். அண்ணிக்குச் சொல்ல வேண்டும், ராஜப்பனுக்குச் சொல்ல வேண்டும், ஊருக்கே சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தால் மாதவராஜ் சிரிக்கக் காணோம். ஊசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சந்தோஷமா இல்லையா?"

"அதெல்லாம் இருக்குது" என்றார் மாதவராஜ். டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார். "அப்ப சாயங்காலம் நான் என்ன பண்றது?"