சேறு படாத செருப்பு

"உன் வீட்டுக்காரர் செருப்புல ஏம்மா சேறே இல்ல?"

வாடகை வாங்கப் படியேறி வந்த வீட்டுக்காரம்மா முதல் வாசலிலேயே குனிந்து நின்று கேட்டாள். தையல்காரி கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். நேற்றிலிருந்து விடாத மழை. புதுக் கட்டடங்களுக்குத் தோண்டிய மண்ணெல்லாம் தெருவில் குழம்பிக் கிடந்தது.

இந்த நகரத்தின் நியாயமே தனி. தையல் கம்பெனிக்குப் பெண்கள்தான் வேண்டும். ஊர் ஊராக வண்டி அனுப்பி அழைத்து வருவார்கள். வந்து இறங்கியவள் அறை கேட்டால் மட்டும், ஆம்பளத் துணை இருக்கா என்று தெருவே கேட்கும். புருஷனைப் பறிகொடுத்து, மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் இவள். எத்தனையோ கதவுகள் முகத்தில் அடித்துச் சாத்தப்பட்ட பிறகு பொய் சொல்லப் பழகினாள். வீட்டுக்காரருக்கு ராத்திரிக் காவல் வேலை, பகலெல்லாம் தூக்கம். சாட்சிக்கு அவனுடைய பழைய செருப்பு. விடிந்ததும் வாசலில் வைப்பாள், இருட்டியதும் உள்ளே எடுப்பாள். செத்தவன் பொருளில் அழுக்குப் படிய விட மனசு வராமல் தினமும் துடைத்தும் வைப்பாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"காலையில மழையிலதானே வந்தாரு? எழுப்பு, பாத்துட்டுப் போறேன்." வீட்டுக்காரம்மாவின் குரல் உயரவே இல்லை. "பக்கத்துத் தெருவுல ஒருத்தி இப்படித்தான் பொய் சொல்லிக் குடியிருந்தா. சாமானெல்லாம் ரோட்டுக்கு வந்துடுச்சு, தெரியுமில்ல?"

உள்ளே மகள் காய்ச்சலில் முனகினாள். இந்த மழையில் இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

எதிர்க் கதவு திறந்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்கா, தன் வாசலில் கிடந்த ஆண் செருப்பை எடுத்து வீட்டுக்காரம்மாவின் காலடியில் வைத்தாள். அதிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"எங்க வீட்டுக்காரரும் காலையிலதாம்மா வந்தாரு," என்றாள். "அடுத்த வாசலையும் பாருங்க. இந்த மாடியில யார் வீட்டுச் செருப்பும் நனையல. எல்லாரையும் எழுப்பணுமா?"

வீட்டுக்காரம்மா வரிசையாகப் பார்த்தாள். வாசலுக்கு ஒரு ஜோடி ஆண் செருப்பு, எல்லாம் காய்ந்து கிடந்தன. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"தெருவுலருந்து நாலு ஆம்பளைங்களக் கூட்டிட்டு வரேன்," என்று இறங்கினாள்.

தையல்காரி செத்தவன் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். கதவுக்குப் பின்னால் விட்டிருந்த தன் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். கம்பெனிக்குப் போய்வந்த சேற்றில் அது கனத்துக் கிடந்தது.

கீழே ஆண்களின் குரல் கேட்கத் தொடங்கியது. அவள் கதவைச் சாத்தவில்லை.