நாலாவது எண்

பேட்டரி பதினான்கு சதவீதம்.

நந்தினி போனைப் படகின் விளிம்பில் சாய்த்து நிறுத்தினாள். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், வீடியோ கால் அறுந்து போகாமல் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கரையேற்றிப் போட்டிருந்த அண்ணன் எல்லப்பனின் படகு. காலையிலிருந்து கரண்ட் இல்லை. மணி பதினொன்று ஐந்து.

திரையில் இரண்டு முகங்கள். சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் கணிதப் பேராசிரியர் நீலமேகம், மூக்கு நுனியில் கண்ணாடியுடன். பக்கத்தில் பேராசிரியை மஞ்சு, கையில் டீயுடன். இந்த இருவரும் தலையாட்டினால் திங்கட்கிழமை முதல் நந்தினிக்கு ஆராய்ச்சி மாணவி இடம். ஆட்டாவிட்டால் அதே திங்கட்கிழமை காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் டேட்டா என்ட்ரி. அந்த வேலைக்கான கடிதம் ஏற்கெனவே வந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது.

"உங்க தலைப்பு எசென்ஷியல் டைமென்ஷன்," என்றார் நீலமேகம். "எங்க ஆபீஸ் வாட்ச்மேனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"ஒரு பொருளை முழுசா அடையாளம் சொல்ல, குறைஞ்சது எத்தனை தனித்தனி எண் வேணும்? அதான் சார்."

"உதாரணம்?"

"நாலு மாறி உள்ள இருபடி வடிவம். அப்படியே எழுதினா பத்து கெழு வரும். மாறிகளைக் கொஞ்சம் மாத்திப் போட்டா குறுக்குப் பெருக்கல் எல்லாம் விழுந்துடும். மிஞ்சுறது நாலு வர்க்கம். நாலு எண் போதும்."

சுலபம். நந்தினி மூச்சு விட்டாள். விட்டிருக்கக் கூடாது.

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொன்ன வடிவங்களை வகைப்படுத்த ஆர்த்தோகனல் குரூப்புனு ஒண்ணு. ஸ்பெஷல் ஆர்த்தோகனல் குரூப்புனு இன்னொண்ணு. நாலு மாறிக்கு, சாதாரண டைமென்ஷன் ரெண்டுக்குமே ஆறு. எசென்ஷியல் டைமென்ஷன் மட்டும் முதல்ல சொன்னதுக்கு நாலு, ரெண்டாவதுக்கு மூணு. அந்த ஒண்ணு எங்கே போச்சு? சூத்திரம் வேண்டாம். கையில பிடிச்சுக் காட்டுங்க."

சூத்திரம் தெரியும். நிரூபணம் தெரியும். கையில் பிடித்துக் காட்டு என்றால்?

பதினொரு சதவீதம்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் மொபெட் ஒன்று இருமிக்கொண்டு வந்து நின்றது. எல்லப்பன் பொன்னேரியிலிருந்து புது வலைக் கட்டோடு இறங்கினான். மிதவை கட்டத் தயாராக உட்கார்ந்திருந்த அவன் மனைவி ருக்கு, கட்டைப் பிரித்துக் கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? எறா வலை வாங்கினு வானு சொன்னா கொடிக்கயிறு வாங்கினு வந்துகீறே."

"நீ போன்ல சொன்னதைத்தான் வாங்கினேன். வலைக்கண்ணு அளவு, நீளம், ஆழம். மூணும் கரெக்டா கீது. அளந்து பாரு."

"நூலு இவ்ளோ தடியா இருந்தா எறா தூரத்துலயே பாத்துட்டு டாட்டா காட்டிட்டுப் போவும்."

"நூலைப் பத்தி நீ எங்க சொன்னே?"

"இத்தினி வருசமா சொன்னேனா? கடைக்காரரு சரியாத்தானே குடுத்தாரு."

"அந்தக் கடை இன்னிக்கு மூடிகீது. அவரு பொண்ணுக்குக் கல்யாணம். எதிர்க்கடையில வாங்கினேன்."

சத்தம் வேண்டாம் என்று நந்தினி முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டினாள். ருக்கு அதைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டாள். வலையோடு வந்து திரைக்குள் நுழைந்தாள்.

"நீயே கேளு நந்தினி. படிச்சவ நீ. இது எறா வலையா?"

"அங்கே என்ன தகராறு?" என்றார் மஞ்சு, டீயைக் கீழே வைத்து.

நந்தினியின் பார்வை வலையில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணா. பழைய கடையில கட்டு எத்தனை கிலோ?"

"எப்பவும் ஒரு கிலோதான். வேற கட்டே வெக்க மாட்டாரு."

"இது?"

"நிறுக்கலை. ரெண்டு கிலோக்கு மேல இருக்கும். வண்டியே ஒரு பக்கமா சாஞ்சுது."

நந்தினி வலையைப் பறித்து கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒன்பது சதவீதம்.

"சார், காணாமப் போன ஒண்ணு இங்கே இருக்கு. வலைக்கு நாலு எண். கண் அளவு, நீளம், ஆழம், நூல் தடிமன். எங்க அண்ணி எப்பவும் மூணுதான் சொல்லி விடுவாங்க. அது பழைய கடையில செல்லும். ஏன்னா அங்கே எடை ஒரு கிலோனு முன்னாடியே கட்டிப் போட்டாச்சு. மூணு தெரிஞ்சா நாலாவது தானா வந்துடும். ஸ்பெஷல் ஆர்த்தோகனல்ல நடக்கிறது அதான். நாலு கெழுவையும் பெருக்கினா வர்ற டிஸ்கிரிமினன்ட்தான் எடை. அதைக் கட்டிட்டா மூணு போதும். எதிர்க்கடையில எடைக்குக் கட்டுப்பாடு இல்லை. அதே மூணு எண்ணுக்கு வேற வலை வந்துடுச்சு. அது ஆர்த்தோகனல் குரூப். அங்கே நாலையும் சொல்லணும்."

"என் மானத்தை யாராண்ட வாங்கறே?" என்றாள் ருக்கு, தலைமுடியைச் சரிசெய்தபடி.

நீலமேகம் சிரிக்கவில்லை.

"இந்த மூணு எண் போதாதுனு காட்டினீங்க. வேற கெட்டிக்காரத்தனமான மூணு எண் இருந்தா?"

சரியான கிடுக்கிப்பிடி. ஆனால் இந்த முறை நந்தினிக்குக் கால் தரையில் இருந்தது.

"அதை வலை காட்டாது சார். அதுக்கு நிரூபணம்தான். நாலு கெழுவையும் சேர்த்துக் கட்டுற எப்படி மாத்தி எழுதினாலும் மாறாத நாலாம் படி இன்வேரியன்ட் ஒண்ணு இருக்கு. எந்த மூணு எண்ணுக்குள்ள வடிவம் சுருங்கினாலும் அது பூஜ்யம் ஆகணும். பொதுவான வடிவத்துக்கு அது பூஜ்யம் ஆகலை. அதனால மூணு எண் எதுவுமே போதாது."

நீலமேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வலையோட நிறுத்தியிருந்தா நான் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீங்க நிறுத்தலை. அதனால எங்க முடிவு..."

திரை கறுத்தது.

நந்தினி போனைத் தட்டினாள். குலுக்கினாள். ஒன்பது சதவீதம் என்று சொன்ன பேட்டரி பொய் சொல்லியிருந்தது. எல்லப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"எல்லாம் இந்த வலையால."

"வலையை ஏன்யா திட்டறே, வாங்கினவரை விட்டுட்டு," என்றாள் ருக்கு.

அவள் இடுப்பில் போன் அடித்தது. விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாக அண்ணியின் எண்ணைக் கொடுத்திருந்தது நந்தினிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"யாரு? கண்ணாடி சாரா?" ருக்கு எழுந்து நின்றாள். "ம். திங்கக்கெழமையா? காலம்பற ஒம்போதுக்கா? வருவா சார். வராம எங்க போவா." கொஞ்சம் கேட்டாள். சிரித்தாள். "இன்னும் இல்ல சார். இப்பத்தான் அனுப்பப் போறேன்."

போனை வைத்தாள். நந்தினி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கடைசியா இன்னா அண்ணி கேட்டாரு?"

"வலையை மாத்தியாச்சானு."

எல்லப்பன் மொபெட்டை ஏற்கெனவே திருப்பியிருந்தான். ருக்கு கட்டைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"நாலையும் சொல்லி வாங்கு. இல்லாட்டி ஒரு கிலோ கட்டா கேட்டுட்டு மூணு சொல்லு. எது சொல்றேனு எனக்குப் போன் பண்ணிட்டு வாங்கு."