போயிட்டு வாங்க

'நான்' என்கிற அகந்தையைத் தொலைக்கத்தான் ஜெர்மனியிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தார் மத்தியாஸ். ஆறு மாசத்தில் அது தொலையவில்லை. போதாக்குறைக்கு, தமிழ் தெரியும் என்கிற அகந்தையும் சேர்ந்துகொண்டது. இருப்பிடச் சான்றுக்கான மனுவை, நாலு பேர் பார்க்கட்டும் என்றே, தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த தேவிப்ரியா வாங்கி வைத்துக்கொண்டாள். "சரிங்க, போயிட்டு வாங்க."

ஒழுங்குக்குப் பேர்போன நாட்டுக்காரர் ஆயிற்றே. வாசல் கேட்டுவரை போய், அதே வேகத்தில் திரும்பி வந்து நின்றார்.

"இன்னும் என்னங்க?"

"போயிட்டு வந்துட்டேன்."

ஆபீஸே சிரித்தது. "ஐயோ, உங்க வேலை முடிஞ்சிடுச்சு, கிளம்புங்கன்னு அர்த்தங்க!"

மத்தியாஸுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அப்போ நான் போறேன் மேடம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. "போறேன்னு சொல்லக்கூடாதுங்க! போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"மறுபடி வரணுமா?"

"வர வேணாம். ஆனா வரேன்னுதான் சொல்லணும்."

சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளில் சான்று போனுக்கு வந்தது. அவர் குடியிருக்கும் அடி அண்ணாமலை அதில் 'ஆடி அண்ணாமலை' என்றிருந்தது. ஒரு எழுத்தைக்கூடப் பார்த்து அடிக்கத் தெரியாதா என்று கொதித்து, ஆதாரத்தோடு சண்டை போட, தன் மனுவின் நகலைத் தேடி எடுத்தார். அங்கே அவருடைய சொந்தக் கொட்டை எழுத்தில், சுழியெல்லாம் அழகாகப் போட்டு, ஒரு 'ஆ'.

மறுநாள் காலை கவுன்ட்டரில் தேவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்ன மாதிரியே வந்துட்டேன் மேடம்" என்றார் மத்தியாஸ்.