ஜோலீன் நேரலையில் இருக்கிறாள்

காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை மார்லீன் கோஸ்ட்காவுக்கு இருபத்திரண்டு வயது. மற்ற நேரமெல்லாம் ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள் அவள். கொலைகாரன் சொன்னதையும் சாட்சி சொன்னதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்த விரல்கள். ஆட்குறைப்பு என்று ஒரு நாள் பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் ட்யூவேன் ரிட்டர்.

ட்யூவேன் அதற்கு முன் நீச்சல் குளம் விற்றுக்கொண்டிருந்தான். தொண்ணூற்றாறாம் வருஷம் வான் நைஸ் ஊரில் யாரைப் பார்த்தாலும் கம்ப்யூட்டரில் பெண்களைக் காட்டிச் சம்பாதிக்கக் கிளம்பியிருந்தார்கள். கம்பளம் விற்றவன், பல் பிடுங்கியவன் எல்லோரும் அதில் இறங்கினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று ட்யூவேனும் இறங்கினான். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஆம்பளை கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டினால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் தெரியும். அதில் ஒரு பெண் அரைகுறை உடையில் உட்கார்ந்திருப்பாள். அவன் ஏதாவது அடித்தால் அவள் பதில் அடிப்பாள். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும். படத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘நேரலை’ என்று மின்னிக்கொண்டிருக்கும்.

நேரலையாவது மண்ணாவது. எல்லாம் டேப். ஜோலீன் என்கிற பெண்ணை நான்கு நாள் உட்காரவைத்துத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்தார்கள். சிரிப்பது ஒன்று, கையசைப்பது ஒன்று, காப்பி குடிப்பது ஒன்று, தலையாட்டுவது ஒன்று, சும்மா இருப்பது ஒன்று என்று மொத்தம் பதினோரு துண்டு, பதினோரு பொத்தான். ‘கொஞ்சம் சிரி கண்ணு’ என்று எவனாவது கேட்டால் மார்லீன் நான்காம் பொத்தானை அழுத்துவாள். ஜோலீன் சிரிப்பாள். அவன் அங்கே உருகிப்போவான். மார்லீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘உங்களைத்தான் காலையிலிருந்து நினைச்சிட்டிருந்தேன்’ என்று அடிப்பாள்.

சனி, ஞாயிறு அந்த நாற்காலியில் உட்காருபவன் கிளைட். நூற்று முப்பது கிலோ, மார்பு வரை தாடி. ஒரு கையில் மீன் சாண்ட்விச் இல்லாமல் அவனால் டைப் அடிக்க முடியாது.

“என்னைக் கட்டிக்கிறேன்னு இதுவரைக்கும் மூணு பேர் சொல்லிட்டாங்க மார்லீன்,” என்பான். “ஒருத்தர் பல் டாக்டர். நல்ல இடம். யோசிச்சிட்டிருக்கேன்.”

“தாடியை எடுத்துட்டுப் போடா, மாப்பிள்ளை பயந்துருவாரு,” என்பாள் மார்லீன்.

உடன் இருந்து கேட்டால் ஜோலீனும் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அவளுக்கு நிஜத்தில் இருபத்தாறு. படம் பிடித்த நாட்களில் ட்யூவேன் அந்தக் கிடங்கில் ஏசியைக் குளிர்காலம் மாதிரி போட்டுவைத்திருந்தான், விளக்குச் சூட்டுக்கு. படத்தில் தெரியாத இடத்தில் அவள் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். படம் பிடித்து முடித்த பிறகும் சம்பளம் வாங்க வரும்போதெல்லாம் மார்லீன் மேஜையில் ஏறி உட்கார்ந்து, அவளுடைய சாப்பாட்டில் பாதியைக் கேட்காமல் தின்றுவிட்டுப் போவாள். மார்லீனுக்குப் பிள்ளை கிடையாது. இரண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் பேய்மழை. டொபாங்கா மலைச்சாலையில் ஜோலீனின் கார் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பிணவறையில் அடையாளம் காட்டப் போன ட்யூவேன், “சொந்தம்னு யாரும் இல்லீங்க, அனாதை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். சொந்தக்காரர்கள் வந்தால் வக்கீல் வருவான், வக்கீல் வந்தால் டேப் நிற்கும் என்பது அவன் கணக்கு. திரும்பி வந்து அழுதான். அது பொய் அழுகை இல்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “டேப் ஓடட்டும்” என்றான்.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்வோம். ஜோலீனும் செத்தும் கொடுத்தாள். பையில் போட்டுக்கொண்டவன் ட்யூவேன். அதில் வாரச் சம்பளம் வாங்கியவள் மார்லீன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திரையில் ஒரு வரி மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

‘ஜோலீன். அப்பா பேசறேன்.’

வாடிக்கையாளர்களுக்கு அவள் பெயர் மிஸ்டி. ஜோலீன் என்று அந்தத் திரையில் அதுவரை ஒருவரும் எழுதியதில்லை. மார்லீனின் கை அந்தரத்தில் நின்றது.

‘படத்துமேல நியூஸ் பேப்பர ஒட்டிட்டுத்தான் உக்காந்திருக்கேன். எழுத்து மட்டும்தான் பாக்கறேன். பயப்படாதே,’ என்று வந்தது. ஓட்டலில் ஒருத்தன் இளித்துக்கொண்டே சொன்னானாம், உன் பெண்ணைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று. அவன் மூக்கில் ஒரு குத்து விட்டுவிட்டு, நேராகப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஒரு விரலால் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாராம். மூன்று வருஷத்துக்கு முன் சண்டையில் அவளை வாசலில் நிறுத்தி, இந்தப் படியை இனி மிதிக்காதே என்று சொன்னது அவர்தானாம். ‘என்னை மன்னிச்சேன்னு ஒரு தடவை சொல்லும்மா. அதுக்கப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.’

மார்லீன் அன்றைக்கு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அன்று நாலு தடவை கேட்டார். மறுநாள் ஆறு தடவை. ஒரு விரலால் ஒரு கிழவன் அந்தச் சொற்களைத் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது சும்மா விஷயமில்லை. அந்த ஆறாவது தடவைக்குப் பிறகு அவள் அடித்தாள்: ‘மன்னிச்சிட்டேன் அப்பா. அன்னிக்கே மன்னிச்சிட்டேன்.’

பிறகு, ‘பேப்பர்ல உன் முகத்துக்கு மட்டும் ஒரு ஓட்டை வெட்டியிருக்கேன். சிரிக்கறியா?’ என்று வந்தது. மார்லீன் நான்காம் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தொந்தரவு பண்ண மாட்டேன் என்றவர் தினமும் வந்தார். தோட்டத்தில் பாம்பு வந்ததைச் சொன்னார். முட்டி வலியைச் சொன்னார். மார்லீன் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். ஜோலீனை எரித்துச் சாம்பலை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்குள் சொந்தக்காரர் வந்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷத்து அனாதைகள் எல்லோரோடும் சேர்த்து ஒரே குழியில் போட்டு, மேலே வருஷத்தை மட்டும் பொறித்து ஒரு கல் வைப்பார்களாம். பெயர் கிடையாது.

அவள் ட்யூவேனிடம் போனாள். “அப்பன்காரர் கிடைச்சிட்டாரு. போன் போட்டுச் சொல்லிரு.”

“மார்லீன், கறக்கிற மாட்டைப் போய் யாராவது விரட்டுவாங்களா? அந்த ஆளு தினமும் நாலு மணி நேரம் உக்காந்திருக்காரு.”

“அவரு அவளுக்கு அப்பன்டா!”

“செத்தவள நேரலைன்னு வித்தோம்னு தெரிஞ்சா எனக்கு ஜெயில். உனக்கும்தான். டைப் அடிச்சது யாரு, நானா?” என்று கேட்டுவிட்டு, குரலை இறக்கிச் சொன்னான்: “அந்த மனுசன் சந்தோசமா இருக்காரு. நீ ஏன் அதைக் கெடுக்கறே?”

அந்தக் கேள்வி அவளை அறுத்தது. ஒரு வியாழக்கிழமை, ட்யூவேன் வெளியே போன நேரம் பார்த்து உண்மையை அடித்தாள். நான் ஜோலீன் இல்லை, இங்கே வேலை செய்யும் கிழவி, உங்கள் மகள் பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்துவிட்டாள் என்று, நீதிமன்றத்துக்கு அடிப்பதுபோல் தெளிவாக அடித்தாள்.

பதில் வந்தது. ‘போறப்பவும் இதையேதான் சொன்னே. உங்க மக செத்துட்டான்னு நெனச்சுக்குங்கன்னு. அன்னிக்குச் சரின்னு சொன்னேன் பாரு, அதுதான் நான் பண்ணின தப்பு. இன்னிக்குச் சொல்ல மாட்டேன். கண்ணு முன்னாடி காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்கே. கோபமிருந்தா திட்டு, கேட்டுக்கறேன்.’

மார்லீன் படத்தைப் பார்த்தாள். ஆமாம், ஜோலீன் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

கார்டு விவரத்தில் பெயரும் முகவரியும் எண்ணும் இருந்தன. ஆர்வல் ஹாஸ்கெட், டாஃப்ட் என்கிற ஊர். அதைத் திருட்டுத்தனமாகக் குறித்துக்கொண்டு போய் அன்று மாலையும் வெள்ளியும் சனியும் வீட்டிலிருந்து போன் போட்டாள். எப்போது போட்டாலும் எங்கேஜ்டு. அவர் கம்ப்யூட்டரை அந்த ஒரே போன் லைனில்தான் மாட்டி, ராத்திரியிலும் கழற்றாமல் வைத்திருந்தார். செத்துப்போன மகளோடு பேசிக்கொண்டே இருந்ததால், மகள் செத்த சேதி உள்ளே போக வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மலை தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். எண்ணெய்க் கிணறுகளில் இரும்புத் தலைகள் ஆடிக்கொண்டிருந்த ஊரில், சந்து முனையில் ஒரு வெள்ளை வீடு. கதவைத் திறந்தவர் நெடுநெடுவென்று இருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, கழுத்தில் டை கட்டியிருந்தார்.

“சர்ச்சுக்குக் கிளம்பிட்டீங்களா?” என்று கேட்டாள் மார்லீன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

“இல்லம்மா, மக கூடப் பேசிட்டிருக்கேன்,” என்றார் ஆர்வல்.

சமையலறை மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் செய்தித்தாள் ஒட்டி, ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஜோலீன் சிரித்தாள். கீழே எழுத்து ஓடியது: ‘எங்கே போயிட்டீங்க அப்பா? நான் இங்கேதான் இருக்கேன்.’

மார்லீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பையிலிருந்து மாவட்ட அலுவலகத்தில் வாங்கிய காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, டப்பா எண் இருந்தன. அவர் காகிதத்தைத் தொடவில்லை.

“பிப்ரவரிங்கறே. இப்போ பேசறாளே, இது யாரு?”

“கிளைட்னு ஒரு ஆளு. தாடிக்காரன். ஞாயித்துக்கிழமை அவன் முறை.”

“சிரிச்சா. இப்போ சிரிச்சாளே.”

“சிரிப்பு அவளோடதுதான் மிஸ்டர் ஹாஸ்கெட். பேச்சுத்தான் எங்களோடது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காகிதத்தை இழுத்துப் பிறந்த தேதியை விரலால் தடவிப் படித்தார். அடுத்த தேதிக்கு விரல் போகவே நேரமானது. திரையில், ‘அப்பா? கோபமா?’ என்று வந்தது. கிளைட் நல்லவன்தான். இங்கே நடப்பது அவனுக்கு என்ன தெரியும்.

“பாம்பை அடிக்காதீங்க, பாவம்னாளே?”

“அது கிளைட்.”

“முட்டிக்கு எண்ணெய் போடச் சொன்னது?”

“நான்தான்.”

அவர் தலையாட்டினார். அடுத்து அவர் கேட்கப்போவது என்னவென்று மார்லீனுக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் அதற்குத்தான் பயந்துகொண்டு வந்தாள். அது ஒன்றை மட்டும் ஜோலீனே சொன்னாள் என்று சொல்லிவிடலாமா, சாவதற்கு முன்னால் என்னிடம் சொன்னாள் என்று ஒரு பொய், யாருக்கு நஷ்டம் என்று மலை ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் யோசித்திருந்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னாளே,” என்றார் ஆர்வல். “அது?”

இனி ஒரு சொல்கூட அந்தப் பெண்ணின் வாயில் தன் கையால் வைப்பதில்லை என்று அந்த நிமிஷத்தில் மார்லீனுக்குத் தோன்றிவிட்டது.

“அதுவும் நான்தான்.”

“நீ யாரு என்னை மன்னிக்க?”

அதட்டிக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார்.

“நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க,” என்றாள். “என்னால தாங்க முடியல.”

வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவர் டையைத் தளர்த்தினார். தளர்த்திவிட்டு, ஏன் தளர்த்தினோம் என்று தெரியாதவர் மாதிரி மறுபடி இறுக்கிக்கொண்டார். ஓட்டைக்குள் ஜோலீன் கையசைத்தாள்.

“அந்த டப்பாவை வாங்க நான் என்னென்ன கொண்டு போகணும்?”

“பிறப்புச் சான்றிதழ் போதும். நாளைக்குத் திறப்பாங்க. நானும் கூட வரேன்.”

“அது இருக்கு. அவ அம்மா இருந்தப்ப பைபிளுக்குள்ள வெச்சா,” என்றார். எழுந்தார். கம்ப்யூட்டர் விசை வரைக்கும் கையைக் கொண்டுபோனார். அந்தக் கை அங்கேயே நின்றது. அங்கே கிளைட் ஒரு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், ஜோலீன் திரும்பவும் சிரித்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“நீயே அணைச்சிடும்மா,” என்றார். “என் கையால ஒரு தடவை அனுப்பினது போதும்.”

மார்லீன் அந்தச் சிரிப்பு முடியும்வரை நின்றாள். பிறகு அணைத்தாள்.