கனகலிங்கத்தின் தமையன்

யசோதினி கம்பளத்தில் முழங்காலிட்டு, சுவருக்கு ஒட்டும் தாளைப் பின்பக்கம் புரட்டி விரித்து, பென்சிலால் குடும்ப வம்சாவளியைக் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். லண்டன் பிளேஸ்டோ வீட்டின் முன்னறை முழுவதும் தாள்தான். சாப்பாட்டு மேசைக்குப் போவதென்றால் கனகலிங்கம் தன் பூட்டனையும் பூட்டியையும் தாண்டித்தான் போகவேண்டும். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபடி தன் பெயரைத் தேடினார். இருந்தது. அதற்கு இடப்பக்கம் புதிதாக இன்னொரு கட்டம் முளைத்திருந்தது. அதற்குள் சண்முகராசா என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்.

"ஜேர்மன் பைலுக்குள்ளை இருந்தது அப்பா. எனக்கு ஒரு பெரியப்பா இருந்தவர் எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. உண்மையாகவே அழுதிருக்கிறாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஸ்ருட்கார்ட்டில், அகதி விண்ணப்ப விசாரணைக்குக் காத்திருந்தபோது, மொழிபெயர்க்க வந்த தமிழர் நடைவழியில் வைத்துக் காதோடு கேட்டார்: "வீட்டிலை ஆரும் செத்திருக்கினமே? இல்லாட்டிக் கஷ்டம் தம்பி." கனகலிங்கம் ஊரை விட்டு ஓடி வந்ததற்கு உண்மையான காரணங்கள் நாலைந்து இருந்தன. ஆனால் ஒன்றிலும் பிணம் இல்லை. உள்ளே போய், தன்னைவிட மூன்று வயது மூத்த தமையனை இராணுவம் சுட்டுவிட்டது என்றார். பெயர் கேட்டபோது வாயில் வந்தது சண்முகராசா. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் அகதி முகாமில் எல்லாருக்கும் பருப்புக் காய்ச்சுகிறவன். அந்த நேரம் வெளியே மர வாங்கில், தன் முறைக்காக உயிரோடு குந்தியிருந்தான். அதிகாரி தட்டச்சு செய்து நீட்டிய தாளில் ஒரு சொல்லும் விளங்காமல் கனகலிங்கம் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின்மேல்தான் விசாவும் கலியாணமும் பிள்ளையும் வந்தன. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பிறகு லண்டனுக்கும் வந்தாயிற்று. இருபது வருடம் கழித்து, சின்ன வயதில் ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படித்த மகள் அந்தத் தாளைச் சரளமாக வாசித்து, அவருடைய பொய்யை அவருக்கே தமிழில் சொன்னாள்.

"நான் வாய் திறக்கமாட்டன்," என்றாள் மனைவி லலிதா, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டியபடி. அவளுக்கு எல்லாம் தெரியும். "சொன்னது நீங்கள். நீங்களே பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

எப்படிச் சொல்வது? பத்து வயதில் பள்ளிக்கூடக் கடிதத்தை ஒளித்துவிட்டுப் பொய் சொன்னாள் என்று, இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்த மனிதர் அவர். தன் அப்பா பொய் சொல்லமாட்டார் என்பது அவளுக்கு அடிமனதில் கிடக்கிற நம்பிக்கை. அதைத் தன் கையாலேயே தோண்டி எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அதற்குள் தொலைபேசி அட்டைகள் வாங்கி, யசோதினி தூரத்துச் சொந்தங்களையெல்லாம் துளைக்கத் தொடங்கியிருந்தாள். ரொறன்ரோவிலிருந்து தவராசா அண்ணை சொன்னார்: "ஓமோம், அவன்ரை தமையன். நல்ல உயரம் பிள்ளை. வொலிபோலிலை நெற்றுக்கு மேலாலை அடிப்பான்." பாரிசிலிருந்து ஒரு மச்சாள், அவன் கதைக்கிறது குறைவு, ஆனால் பாடுவான் என்றாள். கனகலிங்கத்தின் கலியாணத்துக்கு வந்ததையே மறந்துபோன சனம், பிறக்காத ஒருவனின் குரலை நினைவு வைத்திருந்தது. யசோதினி எல்லாவற்றையும் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினாள். ஆள் நாளுக்கு நாள் வளர்ந்தான்.

விடியப்புறக் கனவுகளில் அவன் வரத் தொடங்கினான். கனகலிங்கம், பகலில் செய்கிற வேலை போலவே, ஒரு குளியலறையில் குனிந்திருந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருப்பார். வரிசை பார்க்கக் கட்டும் நூலின் மற்ற முனையை யாரோ இழுத்துப் பிடித்திருப்பார்கள். முகம் தெரியாது. அறை நீண்டு நீண்டு போகும், சுவர்கள் விலகும், வெள்ளை டைல்ஸ் கடற்கரை மணலாகும். நூல் மட்டும் தளராது. ஒருநாள் மெல்லிய பாட்டும் கேட்டது. விழித்த பிறகும் விரலில் அந்த இழுவிசை மிச்சமிருக்கும். வேலைக்குப் போகும் ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதில் பையை வைக்க மனம் வராது. ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவர். இல்லாத தமையனுக்காக ஏங்குகிறோம் என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாளைச் சுருட்டிக்கொண்டு தகப்பனும் மகளும் லண்டனின் மற்றப் பக்கம், நோர்பரிக்குப் போனார்கள். அங்கே மகன் வீட்டில் சிவனேஸ்வரி மாமி இருந்தார். கனகலிங்கத்தின் தகப்பனுக்குச் சிறிய தகப்பன் மகள். எழுபது வயதிலும் ஊர்ச் சனத்தின் பிறந்த நாள், செத்த நாள் எல்லாம் விரல் நுனியில். கதை அளக்கத் தெரியாத மனுசி. அதுதான் கனகலிங்கத்துக்குப் பயம். ரயிலில் மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும், மழை வரும் போலை கிடக்கு என்றார்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் விரித்த தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதார், சண்முகராசா?"

"அப்பான்ரை அண்ணை. ஆமி சுட்டது," என்றாள் யசோதினி.

மாமி நிமிர்ந்து கனகலிங்கத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வெறும் குழப்பம்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அது பொய் மாமி. விசாவுக்காகச் சொன்னனான். அப்பிடி ஒருத்தரும் இல்லை."

யசோதினி தகப்பனைப் பார்க்கவே இல்லை.

"கோயில்லை அந்தாளுக்கு விளக்குக் கொளுத்தினனான் அப்பா," என்றாள். "இருந்து அழுதனான்."

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

அவள் பைக்குள்ளிருந்து அழிறப்பரை எடுத்தாள். தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழிக்கத் தொடங்கினாள். வொலிபோல் போனது. பாட்டுப் போனது. பெயரின் முதல் இரண்டு எழுத்தும் போயின. கனகலிங்கத்துக்கு இரண்டாம் முறையும் அவனைக் கொல்வதாகப் பட்டது.

"பொறு பிள்ளை," என்றார் மாமி. "கட்டத்தை அழிச்சுப்போடாதை."

அழிறப்பர் நின்றது.

"தம்பி, உனக்கு முதல் கொம்மாவுக்கு ஒரு பெடியன் பிறந்தது. ஐம்பத்தைஞ்சாம் ஆண்டு, மாசிப் பனி. இருபத்தாறு நாள் இருந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிச்சு, முப்பத்தொராம் நாள்தானே பேர் வைக்கிறது. பேர் வைக்க முதலே கண்ணை மூடிட்டுது."

கனகலிங்கம் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு, "எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றார்.

"நீயாவது தங்கவேணும், உன்ரை காதிலை இந்தக் கதை விழக்கூடாதெண்டு கொம்மா எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கினவ. எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. நான்தான் குளிப்பாட்டுறனான். கொம்மாவும் போய்ச் சேர்ந்திட்டா. இனி ஆருக்கு அந்தச் சத்தியம்?"

யசோதினி றப்பர்த் தூளைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். கட்டத்துக்குள் பெயரில் பாதி மிஞ்சியிருந்தது. அதை முழுக்க அழிப்பதா, திரும்ப எழுதுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தகப்பனை இப்போதும் பார்க்கவில்லை. ஆனால் அவர் இருந்த பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இருந்தாள்.

"எவ்வளவு பெரிசா இருந்தவர்?" என்று மாமியைக் கேட்டாள்.

ஐம்பது வருடமாக மாமியிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. அவர் யோசித்தார். பிறகு மடியிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கைகளை எதிரெதிராகப் பிடித்தார். கொஞ்சம் கூடிப்போயிற்று என்று கிட்டக் கொண்டுவந்தார். இல்லை, அவ்வளவு சின்னன் இல்லை என்று மறுபடி ஒரு விரலளவு அகட்டினார். வலது கை மட்டும் கீழே சற்றுச் சாய்ந்து, தலையைத் தாங்குகிற மாதிரிக் குழிந்தது.

"இவ்வளவுதான்," என்றார்.

கைகளை அவர் இறக்கவில்லை. கனகலிங்கம் கதிரையிலிருந்து இறங்கித் தாளின்மேலேயே முழங்காலிட்டு, அந்தக் கைகளுக்கு நடுவே தெரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.